எங்கள் ஊருக்கு எத்தனை இருக்கை விமானம் வேண்டும்?

புதுச்சேரியில் ஓய்வூதியர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு மூன்று விஷயங்களைத் தாண்டாது. அகவிலைப்படி, சர்க்கரை அளவு, லாஸ்பேட்டை விமான நிலையம். முதல் இரண்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் போதுமான அளவு எழுதிவிட்டேன். இன்று மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன்.

"நம்ம ஊருக்கு ஏன் சார் பெரிய விமானம் வரமாட்டேங்குது? இந்தக் காத்தாடி விமானம்தானா நமக்கு விதிச்சது?" என்று கேட்காத ஆள் இல்லை. காத்தாடி விமானம் என்பது இறக்கையில் விசிறி சுற்றும் ஏ.டி.ஆர். விமானம். அது வந்து இறங்குவதை ஊருக்கு ஏதோ மானக்குறைவு போலப் பேசுகிறார்கள். ஓடுதளத்தை நீட்ட வேண்டும், ஏர்பஸ் வர வேண்டும், டெல்லிக்கும் மும்பைக்கும் நேராகப் பறக்க வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் கட்சி வேறு. இன்றைய நிலையில் நமக்குத் தேவை சின்ன விமானம்தான். அது காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வர வேண்டும். வந்தபின் நின்றுபோகக் கூடாது. இதைக் கேட்டுப் பெறுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் விமானத் துறை ஆள் கிடையாது. குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஆனால் நடுவில் சில ஆண்டுகள் பஸ் தடங்களுக்கான பர்மிட் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போய்வந்தன. எந்தத் தடத்துக்கு எத்தனை வண்டி, எத்தனை நடை, எந்த நேரம் என்று தினமும் படித்தவனுக்கு விமானக் கம்பெனிகளின் கணக்கு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. தரையில் ஓடுவதும் வானத்தில் ஓடுவதும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருகின்றன. இன்று எத்தனை பேர் ஏறுவார்கள்?

நம் ஊர் டெம்போவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோரிமேட்டுக்குப் போகிறவர்கள் ஏன் அதில் ஏறினார்கள்? சொகுசுக்காகவா? முட்டி இடிக்கும், புகை அடிக்கும். இருந்தாலும் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வந்தது. ஐம்பது பேர் உட்காரும் பஸ் மணிக்கு ஒருமுறை வருவதைவிட, சின்ன வண்டி அடிக்கடி வருவது ஜிப்மருக்குப் போகிற நோயாளிக்கு உபயோகமாக இருந்தது. வண்டியின் அளவைவிட அது வரும் நேரம் முக்கியம். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

இப்போது விமானத்துக்கு வருவோம். ஒரு விமானம் ஒருமுறை பறந்து இறங்க ஆகும் செலவு ஒன்று. அதை இருக்கைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் செலவு இன்னொன்று. பெரிய விமானத்தில் இரண்டாவது குறைவாக இருக்கும். 50 பேர் போனாலும் 180 பேர் போனாலும் விமானிகள் இரண்டு பேர்தானே? பெரிய பானையில் சமைத்தால் ஆளுக்கு ஆகும் செலவு குறைவுதான். ஆனால் பந்தியில் உட்கார ஆள் வேண்டும். பாதிப் பந்தி காலியாக இருந்தால் மிச்சமான சோறு யார் தலையில் விழும்?

நான் கணக்கைப் பிரெஞ்சில் கற்றவன். இன்றும் பெருக்கல் வாய்ப்பாடு மனதுக்குள் பிரெஞ்சில்தான் ஓடும். விமானத்தில் எத்தனை சதவீத இருக்கை நிரம்பியது என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'தோ த ரம்ப்ளிஸாழ்' என்பார்கள். நிரம்பும் விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். விமானக் கம்பெனிக்காரன் காலையில் எழுந்ததும் பார்க்கும் எண் இதுதான். டிக்கெட் சராசரியாக என்ன விலைக்குப் போனது என்பது அடுத்த எண். இரண்டையும் பெருக்கி வரும் தொகை பறக்கும் செலவுக்குக் கீழே விழுந்தால், கொஞ்ச நாள் பொறுப்பான். பிறகு விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவான்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. ஒரு சின்ன ஊரிலிருந்து பெங்களூருக்கு ஒரு நாளில் 120 பேர் போகிறார்கள் என்று வையுங்கள். 180 இருக்கை விமானம் ஒருமுறை வந்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 சதவீதம் நிரம்பும். 78 இருக்கை விமானம் இரண்டு முறை வந்தால் மொத்தம் 156 இருக்கை, 77 சதவீதம். 50 இருக்கை விமானம் மூன்று முறை வந்தால் 150 இருக்கை, 80 சதவீதம்.

பார்ப்பதற்கு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விஷயம் அதில் இல்லை. அந்த 120 என்ற எண்ணே கல்லில் வெட்டியது கிடையாது. பெரிய விமானம் பகல் ஒரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பினால், காலையில் போய் வேலையை முடித்து இரவு வீடு திரும்ப நினைக்கும் வியாபாரிக்கு அது உதவாது. அவர் காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடித்து ஊருக்கு வந்து, திங்கட்கிழமை காலை திரும்ப வேண்டிய பெங்களூர்ப் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். 120 பேர் 70 ஆகிவிடுவார்கள். அதே ஊருக்குச் சின்ன விமானம் காலையும் மாலையும் வந்தால் 120 பேர் 140 ஆகலாம். ஆள் இருந்தால் விமானம் வருகிறது. நல்ல நேரத்துக்கு விமானம் வந்தால் ஆளும் சேருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சராசரி என்பது ஏமாற்றுக்கார எண். செவ்வாய்க்கிழமை 40 பேர் வருவார்கள். பொங்கலுக்கு முந்தைய நாள் 130 பேர் கேட்பார்கள். மிகச் சின்ன விமானம் வைத்தால் பண்டிகை நாளில் நல்ல விலை கொடுக்கத் தயாராக வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். பெரியதாக வைத்தால் செவ்வாய்க்கிழமை காற்றை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும். சராசரியாக முக்கால்வாசிக்கு மேல் நிரம்புகிற அளவில் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு நடுவழி. கூட்டம் கூடினால் டிக்கெட் விலையை ஏற்றியும் குறைந்தால் இறக்கியும் மேட்டுப்பள்ளத்தைச் சமன் செய்துகொள்வார்கள். நமக்குக் கோபம் வருகிற விலை ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இதையெல்லாம் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே சின்ன ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிப் பெரிய நகர விமான நிலையத்தில் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை உள்ளூர்த் தடக் கம்பெனிகள் செய்துவந்தன. 1990 வரை பெரும்பாலும் விசிறி விமானங்கள்தான். 1993ல் சின்சினாட்டியைச் சேர்ந்த கோம்ஏர் என்ற கம்பெனி, கனடாவின் பம்பார்டியர் செய்த 50 இருக்கை ஜெட்டை அங்கே கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் பிரேசிலின் எம்ப்ரேயர் தன் 50 இருக்கை ஜெட்டோடு போட்டிக்கு வந்தது. பயணிகளுக்கு ஜெட் பிடித்திருந்தது. சத்தம் குறைவு, வேகம் அதிகம். பத்து ஆண்டுகளில் அமெரிக்க வானமெங்கும் 50 இருக்கை ஜெட்டாக ஆகிவிட்டது.

ஏன் 50? குமாஸ்தா புத்தி உடனே இந்தக் கேள்விக்குத்தான் போகும். அங்குள்ள விதிப்படி 50 இருக்கை வரை ஒரு விமானப் பணியாளர் போதும். 51 ஆனால் இரண்டு பேர் வேண்டும். இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் விமானிகள் சங்கம். பெரிய கம்பெனிகளின் விமானிகள், தங்கள் வேலையைக் குறைந்த சம்பளத்துக்கு வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு போட்டார்கள். வெளிக் கம்பெனி இத்தனை இருக்கைக்கு மேல் உள்ள ஜெட்டை ஓட்டக் கூடாது என்பது அதன் சாரம். முதலில் அந்த வரம்பு 50 என்ற அளவில் நின்றது. பிறகு பேசிப் பேசி 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை, அதாவது 39 டன் என்ற அளவுக்கு நகர்ந்தது. அதனால்தான் அங்கே எம்ப்ரேயர் 175 என்ற ஜெட் பெரும்பாலும் 76 இருக்கையோடு பறக்கிறது. அதற்கு மேலும் இருக்கை போட அதில் இடம் உண்டு.

உச்சகட்ட வேடிக்கை 2019ல் நடந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ், 70 இருக்கை போடக்கூடிய ஒரு பம்பார்டியர் ஜெட்டில் 50 மட்டும் வைத்து, மீதி இடத்தில் பெட்டிக்கும் பலகாரத்துக்கும் அலமாரி வைத்துப் பறக்கவிட்டது. 70 இருக்கை ஜெட்டுகள் ஒப்பந்த வரம்பை எட்டிவிட்டன. 50 இருக்கைக்கு இன்னும் இடம் இருந்தது. இருக்கையைக் கழற்றியாவது விமானத்தைச் சின்னதாக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். விமானத்தின் அளவைப் பயணிகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கோப்பு தீர்மானிக்கிறது.

50 இருக்கை ஜெட்டுக்கு எமனாக வந்தது எண்ணெய். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. எரிபொருள் மலிவாக இருந்தவரை 50 பேரோடு ஜெட் ஓட்டுவது கட்டுப்படியாயிற்று. விலை ஏறியதும் அந்தச் செலவை 50 டிக்கெட்டுக்குப் பிரித்தால் தாங்கவில்லை. பல நூறு விமானங்கள் ஓரங்கட்டப்பட்டன. முன்னோடியாக இருந்த கோம்ஏர் 2012 செப்டம்பரில் கடையை மூடியது. அதோடு பல சின்ன ஊர்கள் தங்கள் விமானத்தை இழந்தன. ஊரில் ஆள் இல்லாமல் போகவில்லை. அந்த ஊர் அளவுக்குச் செலவு கட்டுப்படியாகிற விமானம் இல்லாமல் போயிற்று.

இதிலிருந்து நமக்குப் பாடம் உண்டு. குறுகிய தூரத்துக்கு ஜெட் ஒரு சொகுசு. புதுச்சேரியிலிருந்து பெங்களூர் வான்வழியில் 270 கிலோமீட்டர் அளவுதான். விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், ஜெட் 800 போகும் என்றாலும், ஏறி இறங்கும் நேரத்தைக் கழித்தால் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்கு ஜெட் குடிக்கும் கூடுதல் எரிபொருளை யார் கொடுப்பது? ஐதராபாத் 600 கிலோமீட்டர். அதுவரை விசிறி விமானம் தாராளமாகத் தாங்கும்.

ஏ.டி.ஆர். என்ற மூன்று எழுத்தின் விரிவு தெரியுமா? 'அவியோன் த த்ரான்ஸ்போர் ரெழியோனால்'. வட்டாரப் போக்குவரத்து விமானம் என்று பொருள். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, விமானம் உருவாவது துலூஸ் நகரில். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஊருக்குத் துலூஸ் விமானம் வந்து இறங்குவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அது காரணம் இல்லை என்றாலும், லாஸ்பேட்டையின் 1,500 மீட்டர் ஓடுதளத்துக்கு அது பொருந்துகிறது என்பதே காரணம். ஏர்பஸ் போன்ற ஜெட்டை நம் வெயிலில் முழு பாரத்தோடு அந்த நீளத்திலிருந்து கிளப்ப முடியாது.

நம் நாட்டிலும் கோப்புதான் விமானத்தை அளக்கிறது. விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில், 80க்குக் குறைவான இருக்கை கொண்ட உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணம் கிடையாது. 40 டன்னுக்குக் கீழே எடையுள்ள விமானங்களுக்கு விற்கும் எரிபொருள் மீதான வரிக்கும் மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. பெரிய விமானத்துக்கு மாநிலங்கள் இஷ்டம்போல வரி போடலாம். சின்னதுக்குப் போட முடியாது. நம் ஊருக்கு வரும் ஏ.டி.ஆரில் 78 இருக்கை. அந்த எண் 80க்குக் கீழே எவ்வளவு கச்சிதமாக நிற்கிறது, பாருங்கள். அந்தக் கோப்பை எழுதிய குமாஸ்தா யாரோ, அவர் கைக்கு ஒரு வணக்கம்.

சின்ன ஜெட்டை நம் நாட்டில் முறையாக முயன்று பார்ப்பது ஸ்டார் ஏர் என்ற கம்பெனி. கோல்ஹாப்பூர்க்காரர்களின் தொழில் குழுமத்தைச் சேர்ந்தது. 2019 ஜனவரியில் பெங்களூரை மையமாக வைத்து, 50 இருக்கை எம்ப்ரேயர் ஜெட்டுகளோடு தொடங்கினார்கள். ஹூப்ளி, கலபுரகி போன்ற ஊர்களைப் பிடித்தார்கள். பெரிய கம்பெனிகளின் 180 இருக்கை விமானத்துக்கு அந்த ஊர்கள் சிறியவை. ஆட்கள் சேர்ந்த பிறகு, 2023ல் 76 இருக்கை எம்ப்ரேயர் 175 விமானங்களைக் கொண்டுவந்தார்கள். முதலில் 50, பிறகு 76. மகனுக்குச் சட்டை தைக்கும்போது ஒரு விரல் கூடுதலாகத் தைக்கலாம். அப்பா அளவுக்குத் தைத்துவிட்டு, வளர்ந்ததும் போட்டுக்கொள்வான் என்று சொன்னால் எப்படி?

இனி அரசின் உடான் திட்டம். 2016ல் அறிவித்தார்கள். 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் பறந்தது. ஏறக்குறைய பாதி இருக்கைகளை ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற வரம்புக்குள் விற்க வேண்டும். அதனால் வரும் நஷ்டத்தை அரசு ஈடுகட்டும். மூன்று ஆண்டுகள் அந்தத் தடத்தில் வேறு யாரும் போட்டிக்கு வர முடியாது. நல்ல யோசனைதான்.

ஆனால் தணிக்கை அறிக்கை படிக்காமல் எந்தத் திட்டத்தையும் பாராட்டக் கூடாது என்பது எங்கள் தலைமுறை குமாஸ்தாக்களின் பாலபாடம். 2023ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை என்ன சொல்கிறது? மூன்றாவது கட்டம் வரை ஒதுக்கிய தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371ல் மூன்று ஆண்டுகளை முடித்தவை 112. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை, 2023 மார்ச் நிலவரப்படி, வெறும் 54. ஒதுக்கிய நூறு தடங்களில் ஏழு.

இந்த எண்களை வைத்து அரசைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் ஆர்வமில்லை. மூன்று ஆண்டு என்ற காலவரம்பைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. ஒரு புதிய பஸ் தடத்துக்கு ஆள் பழகவே ஒரு வருடம் ஆகும் என்பதை அந்தக் கோப்புகளில் பார்த்தவன் நான். "இன்றைக்கு வரும், நாளைக்கு வருமோ வராதோ" என்று சந்தேகம் இருந்தால் யாரும் தங்கள் பயண வழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். விமானத்துக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு மாதம் கழித்து நடக்கப்போகும் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுப்பவர், அந்த விமானம் அன்றைக்கு இருக்குமா என்று யோசிப்பாரா மாட்டாரா?

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்? 1978ல் அமெரிக்கா விமானத் துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, சின்ன ஊர்கள் விமானத்தை இழந்துவிடக் கூடாது என்று மானியத் திட்டம் ஒன்றைக் கூடவே வைத்தது. இன்றுவரை அது நடக்கிறது. ஐரோப்பாவில் பொதுச்சேவைக் கடமை என்ற விதி இருக்கிறது. பிரான்சில் ஒரியாக் என்ற மலைநாட்டு ஊருக்கும் பாரீஸுக்கும் விமானம் பறப்பது அந்த ஏற்பாட்டில்தான். டெண்டர் விட்டு, தினசரி எத்தனை முறை, எத்தனை இருக்கை, எந்த நேரத்துக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு, நான்கு ஆண்டு வரை ஒருவருக்கே கொடுக்கலாம். முடிந்ததும் மறுபடி டெண்டர். ஆள் மாறலாம், தடம் அறுபடாது. நிபந்தனையில் நேரமும் அளவும் சேர்ந்து எழுதப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் கிளம்பி மாலையில் திரும்ப வேண்டும் என்று காகிதத்தில் இருந்தால்தான் அது பயணிக்கு உபயோகமான விமானம்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வாருங்கள். கம்பெனிகளின் பெயர் வேண்டாம். 2013 ஜனவரியில் பெங்களூருக்கு விமானம் வந்தது. அடுத்த ஆண்டில் நின்றது. 2015ல் இன்னொருவர் வந்தார். சில மாதங்களில் போய்விட்டார். 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தில் ஐதராபாத் விமானம். நடுவில் கொரோனா. 2024ல் அதுவும் நின்றது. 2024 டிசம்பர் 20 முதல் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி ஏ.டி.ஆர்.

இந்த வரவு செலவில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு முறை விமானம் நிற்கும்போதும் அதில் போய்ப் பழகியவர்கள் சென்னைச் சாலைக்குத் திரும்பிவிட்டார்கள். நமக்கு உண்மையான போட்டி வேறு விமானக் கம்பெனி கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலைதான். மூன்று மணி நேரத்தில் மீனம்பாக்கம் போய்விடலாம். அங்கே எல்லா ஊருக்கும் எல்லா நேரத்துக்கும் விமானம். பிரான்சுக்குப் போகும் நம் சொந்தங்கள் நள்ளிரவில் வண்டி பிடித்து அங்கேதான் போகிறார்கள். லாஸ்பேட்டையில் ஒரு ஏர்பஸ்ஸை ஒருவேளை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினால் அவர்கள் சாலையை விட்டுவிடுவார்களா? விடமாட்டார்கள். பெங்களூரிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் வெளிநாட்டு விமானத்துக்கு இணைப்பாக ஒரு மாலை ஏ.டி.ஆர். தவறாமல் இருந்தால், பெட்டியை லாஸ்பேட்டையில் போட்டால் பாரீஸில் எடுத்துக்கொள்ளலாம் என்றால், யோசிப்பார்கள்.

"அப்போ ஓடுதளத்தை நீட்டவே கூடாது என்கிறீரா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. அதற்கு அண்டை மாநிலத்தில் நிலம் வாங்க வேண்டும், அங்கே குடியிருப்பவர்களுக்கும் பயிர் வைத்திருப்பவர்களுக்கும் நியாயமான இழப்பீடு கொடுக்க வேண்டும். நிலம் எடுப்புக் கோப்பு எத்தனை வருடம் தூங்கும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அது தன் போக்கில் நடக்கட்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

தூத்துக்குடியைப் பாருங்கள். அங்கே ஓடுதளம் நம்முடையதைவிடவும் குட்டை. 1,350 மீட்டர். பல ஆண்டுகளாக விசிறி விமானங்கள்தான் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஒரு நாளைக்குப் பல தடவை போய்வந்தன. துறைமுகக்காரர்கள், உப்பு வியாபாரிகள், திருச்செந்தூர் பக்தர்கள் என்று ஆள் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் 3,115 மீட்டர் ஓடுதளமும் புது முனையமும் கேட்டு வாங்கினார்கள். 2025 ஜூலையில் முனையம் திறந்தாயிற்று. முதலில் கூட்டம், பிறகு ஓடுதளம். ஆனால் தூத்துக்குடிக்காரருக்குச் சென்னை பத்து மணி நேரப் பயணம், நமக்கு மூன்று மணி நேரம் என்ற வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அவர்களைவிட நாம் இன்னும் நிதானமாகக் கணக்குப் போட வேண்டியவர்கள்.

ஆகவே நம் அரசிடம் கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பெங்களூர் விமானம் காலையும் மாலையும் வருவதற்கு நேரத்தைக் குறிப்பிட்டு ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டாவது, 78 இருக்கை நிரம்பாத மாதங்களில் விமானம் நின்றுபோகாமல் இருக்க, காலியான இருக்கைகளில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். மூன்றாவது, அந்த ஏற்பாடு ஐந்து ஆண்டாவது இருக்கட்டும். ஓடுதளத்துக்குச் செலவிடப்போகும் பணத்தோடு பார்த்தால் இது சின்னத் தொகையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணைப் பொதுவில் வைக்க வேண்டும். நிரம்பவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் வரிப்பணம் அல்லவா?

கடைசியாக ஒரு வார்த்தை நமக்கும். விமானம் வரவில்லை என்று குறை சொல்கிற நாம், அது வந்த மாதங்களில் எத்தனை முறை ஏறினோம்? என் வயதுக்காரர்களுக்குப் பெங்களூரில் மகனோ மகளோ இருப்பது வழக்கம். இரவு பஸ்ஸில் இடுப்பு ஒடியப் போவதற்குப் பதில், ஒரு மாதம் முன்பே பார்த்து எடுத்தால் கட்டுப்படியாகும் விலையில் டிக்கெட் கிடைப்பதுண்டு. அடுத்த முறை பேரன் பேத்தியைப் பார்க்கக் கிளம்பும்போது லாஸ்பேட்டை நேரத்தையும் விலையையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். படிக்கட்டு சிறியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். விசிறிக்குப் பக்கத்து இருக்கை வேண்டாம், சத்தம் அதிகம். பின்வரிசையைக் கேட்டு வாங்குங்கள். இறங்கும் வாசலும் பின்பக்கம்தான்.